பாவசங்கீர்த்தனத்தில் ஒரு பாவம் மறந்துபோனால்

பெரிய வியாழனுக்கு முந்தின நாள் சாயங்காலம். எங்கள் கோயிலில் மூன்று சாமியார்கள், அதாவது கத்தோலிக்கக் குருக்கள், உட்கார்ந்து பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வரிசை வாசலைத் தாண்டி மாதா கெபி (மாதா சிலை வைத்த குகை) வரைக்கும் போயிருந்தது. காசிமேட்டில் மீன் விற்கும் ஆயா ஒருவர் முக்கால் மணி நேரம் நின்று, தொட்டியில், அதாவது பாவசங்கீர்த்தனம் கேட்கும் கூண்டில், போய்ச் சொல்லிவிட்டு வந்து, பீடத்துக்கு எதிரே முழங்கால் போட்டார். அபராதமாகக் கொடுத்த செபத்தில் பாதிகூட முடித்திருக்க மாட்டார், எழுந்து நேராக என்னிடம் வந்தார்.

“கண்ணு, ஒண்ணு வுட்டுப்போச்சு. மறுபடியும் லைன்ல நிக்கணுமா? நாளைக்கு நன்மை எடுக்கலாமா கூடாதா?”

நன்மை என்பது பூசையில் வாங்கும் நற்கருணை. வரிசையைப் பார்த்தேன். ஆயாவின் முழங்காலையும் பார்த்தேன். “வேணாம் ஆயா. நாளைக்கு தாராளமா நன்மை எடுங்க. அடுத்த தடவை பாவசங்கீர்த்தனம் பண்றப்போ அதையும் சேர்த்துச் சொல்லிடுங்க.”

“நீ சொல்ற. சாமியார் சொல்லணுமே.”

நல்லவேளை, தண்ணீர் குடிக்க எழுந்து வந்த சாமியார் ஒருவரும் அதையேதான் சொன்னார். அப்புறம்தான் ஆயா வீட்டுக்குப் போனார்.

வட சென்னையில் ஒரு கோயில் பங்கில் பல வருஷமாக, முதல் தடவை நன்மை வாங்கப்போகும் புதுநன்மைப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடத்துகிறேன். பிள்ளைகள் கேட்பதைவிட அவர்களுடைய அம்மாக்களும் ஆயாக்களும் இந்தக் கேள்வியை அதிகமாகக் கேட்கிறார்கள். பதில் ஒரு வரிதான், மேலே சொல்லியாகிவிட்டது. ஆனால் ஏன் அப்படி என்று தெரியாவிட்டால் அந்த ஒரு வரி ராத்திரி தூக்கத்துக்கு உதவாது. அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

முதலில், அது என்ன

புதிதாகத் தெரிந்துகொள்பவர்களுக்காக: ஞானஸ்நானம் வாங்கிய கத்தோலிக்கர் ஒருவர், அதற்குப் பிறகு செய்த பாவங்களை ஒரு குருவிடம் தனியாகச் சொல்லி, கடவுளின் மன்னிப்பைப் பெறுவதுதான் பாவசங்கீர்த்தனம். இப்போதைய புத்தகங்களில் ‘ஒப்புரவு அருட்சாதனம்’ என்று இருக்கும். ராயபுரத்திலோ பழைய வண்ணாரப்பேட்டையிலோ யாரும் ‘ஒப்புரவு பண்ணிட்டு வரேன்’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. ‘எவருடைய பாவங்களை மன்னிப்பீர்களோ அவை அவர்களுக்கு மன்னிக்கப்படும்’ என்று உயிர்த்த இயேசு சீடர்களிடம் சொன்னதை (யோவான் 20:23) திருச்சபை இதற்கு அடிப்படையாகக் காட்டுகிறது. வருஷத்துக்கு ஒரு தடவையாவது செய்தாக வேண்டும் என்ற சட்டம் 1215-இல் நடந்த நான்காம் லாத்தரன் சங்கத்திலிருந்து (ஆயர்கள் கூடிய பொதுச்சங்கம்) வருகிறது. ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்துக் கூட்டத்துக்கு இந்தச் சட்டமும் ஒரு காரணம்.

நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியம் தேவை என்று பழைய குறிப்பிடத்தில் (மறைக்கல்விப் புத்தகத்தில்) படித்திருப்போம். பாவங்களை நினைத்துப் பார்ப்பது, அவற்றுக்காக மனஸ்தாபப்படுவது, இனிமேல் செய்வதில்லை என்று உறுதி எடுப்பது, குருவிடம் சொல்வது, அவர் கட்டளையிடும் அபராதத்தைத் தீர்ப்பது.

இந்த வார்த்தைகளோடு பிள்ளைகள் படும் பாடு தனிக்கதை. மனஸ்தாபம் என்றால் அவர்களுக்குச் சித்தப்பாவும் அப்பாவும் பேசிக்கொள்ளாமல் இருப்பது. அபராதம் என்றால் ஹெல்மெட் இல்லாமல் போனதற்கு டிராஃபிக் போலீஸ் போடுவது. “எத்தனை ரூபா மிஸ்?” என்று வருஷா வருஷம் ஒருத்தன் கேட்பான். கோயில் பாஷையில் மனஸ்தாபம் என்பது ‘இப்படிச் செய்துவிட்டேனே’ என்று மனம் நோவது. அபராதம் என்பது பெரும்பாலும் ஒரு செபம், சில நேரம் ஒரு நல்ல காரியம்.

இந்த ஐந்தில் ஞாபகசக்தி எங்கே வருகிறது? முதலாவதிலும் நான்காவதிலும். நினைத்துப் பார்க்க வேண்டும், நினைவுக்கு வந்ததைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். நினைவுக்கு வராததைச் சொல்ல வேண்டும் என்று ஐந்தில் எங்கேயும் இல்லை. இருக்கவும் முடியாது.

எதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்

எல்லாப் பாவமும் ஒரே எடை இல்லை. சாவான பாவம், அற்பப் பாவம் என்று இரண்டாகப் பிரிப்பார்கள். சாவான பாவமாக மூன்று விஷயம் சேர வேண்டும்: காரியம் கனமானதாக இருக்க வேண்டும், அது கனமானது என்று தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தும் மனம் ஒப்பிச் செய்திருக்க வேண்டும். ஞாயிறு பூசைக்கு வராததையே எடுத்துக்கொள்வோம். வீட்டில் சும்மா இருந்துகொண்டு வேண்டுமென்றே விடுவது கனமான காரியம். காய்ச்சலில் படுத்திருப்பவர் வராததும், கைக்குழந்தையை விட்டு வர முடியாத தாய் வராததும் பாவமே இல்லை. இதைத் தெரியாமல், பிரசவமான மூன்றாம் வாரம் பூசைக்கு வராததற்காக அழுத பெண்ணைப் பார்த்திருக்கிறேன்.

திருச்சபைச் சட்டத்தின் 988-ஆம் எண் சொல்வது இதுதான்: ஞானஸ்நானத்துக்குப் பிறகு செய்து இன்னும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லாத கனமான பாவங்களை, *கவனமாகச் சோதித்துப் பார்த்த பிறகு நினைவில் இருப்பவற்றை*, வகையும் எண்ணிக்கையுமாகச் சொல்ல வேண்டும். அற்பப் பாவங்களைச் சொல்வது நல்லது என்று பரிந்துரைக்கிறது, கட்டாயம் என்று சொல்லவில்லை. ஆகவே மறந்தது அற்பப் பாவம் என்றால், தங்கச்சியைத் திட்டியது, பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசியது மாதிரி, அதோடு விட்டுவிடலாம். அடுத்த தடவை தேடிப் பிடித்துச் சொல்ல வேண்டிய அவசியமில்லை.

‘எண்ணிக்கை’ என்ற வார்த்தையைப் பார்த்ததும் சிலருக்கு வியர்க்கும். பத்து வருஷம் கழித்து வருகிறவர் எத்தனை தடவை என்று எப்படிச் சொல்வார்? சரியாகத் தெரிந்தால் சரியாகச் சொல்லலாம். தெரியாவிட்டால் ‘மாசத்துக்கு ரெண்டு மூணு தடவை, ஒரு நாலு வருஷமா’ என்று உத்தேசமாகச் சொன்னால் போதும். சாமியாருக்கு அதில் வேண்டியது ஒன்றுதான்: இது ஒருமுறை வழுக்கி விழுந்ததா, பழகிப்போனதா. தேவையானால் அவரே ஒன்றிரண்டு கேள்வி கேட்பார்.

ஒட்டிக்கொண்ட பக்கமும் கிழித்த பக்கமும்

விஷயத்தின் நடுவுக்கு வந்துவிட்டோம். மறப்பது வேறு, மறைப்பது வேறு. கேட்டால் எளிதாகத்தான் இருக்கும். ஆனால் மனசுக்குள் இந்த இரண்டும் ஒன்றோடொன்று குழம்பிக்கொள்வதால்தான் இத்தனை பயம்.

நான் வகுப்பில் அண்ணாச்சி கடை நோட்டைச் சொல்லிப் புரியவைப்பேன். எங்கள் தெருவில் இன்னும் பற்று நோட்டு இருக்கிறது. மாசம் பூரா வாங்கி எழுதி வைத்துச் சம்பளத்தன்று தீர்ப்பார்கள். அண்ணாச்சி ஒருநாள் மனமிரங்கி, ‘உன் நோட்டைக் கொண்டா, எல்லாத்தையும் அடிச்சுடறேன்’ என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்களும் நோட்டை நீட்டுகிறீர்கள். அதில் எண்ணெய் பட்டு இரண்டு பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உங்களுக்கும் தெரியாது, அண்ணாச்சியும் அதைப் பிரிக்கவில்லை. மொத்தக் கணக்கையும் தள்ளிவிட்டேன் என்று சொல்லி நோட்டை மூடிவிடுகிறார். ஒட்டிய பக்கத்தில் இருந்த கடன் என்ன ஆகும்? அதுவும்தான் போய்விட்டது. நீட்டியது முழு நோட்டு, அவர் தள்ளியதும் முழுக் கணக்கு.

இப்போது இன்னொருத்தர். பெரிய தொகை இருக்கும் பக்கத்தை, அண்ணாச்சி பார்த்தால் மானம் போகும் என்று, வீட்டிலேயே கிழித்து வைத்துவிட்டு மீதி நோட்டை நீட்டுகிறார். இவர் நோட்டையே நீட்டவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். பார்ப்பதற்கு இரண்டு நோட்டிலும் ஒரு பக்கம்தான் படிக்கப்படவில்லை. ஆனால் நடந்தது வேறு வேறு.

கனமான பாவம் ஒன்று நினைவில் இருக்கும்போதே வெட்கத்தாலோ பயத்தாலோ வேண்டுமென்றே விட்டால், அந்தப் பாவசங்கீர்த்தனமே செல்லாது. சொன்ன மற்ற கனமான பாவங்களும் மன்னிக்கப்பட்டதாகாது. வேண்டுமென்றே மறைத்ததே இன்னொரு பாவமாகவும் சேரும். அப்படிச் செய்தவர் இனி திரும்ப முடியாது என்று இல்லை. அடுத்த தடவை போய், ‘போன தடவை ஒன்றை மறைத்துவிட்டேன்’ என்று அங்கிருந்தே தொடங்கி, மறைத்ததையும் அதிலிருந்து இதுவரை சொன்ன கனமான பாவங்களையும் மறுபடி சொன்னால் சரியாகிவிடும். அந்த முதல் வாக்கியத்தைச் சொல்வதுதான் கஷ்டம். மற்றதைச் சாமியார் கேட்டுக் கேட்டு வாங்கிக்கொள்வார்.

மறந்தவருக்கோ இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. 1551 நவம்பரில் திரெந்து சங்கத்தின் 14-ஆம் அமர்வு இதைத் தெளிவாகவே சொன்னது: கவனமாக யோசித்தும் நினைவுக்கு வராத மற்றப் பாவங்கள், சொன்ன அந்தப் பாவசங்கீர்த்தனத்திலேயே மொத்தமாக அடங்கியிருப்பதாகக் கொள்ளப்படும். அந்த இடத்தில் சங்கம் நினைவுபடுத்துவது, எனக்கே தெரியாத பிழைகளிலிருந்து என்னைச் சுத்தமாக்கும் என்று கேட்கும் சங்கீத வரியை. மனுஷனுக்குத் தன் கணக்கே முழுசாகத் தெரியாது என்பது தாவீது காலத்திலேயே தெரிந்த விஷயம்தான்.

சாமியார் கையை நீட்டிச் சொல்லும் பாவப்பொறுத்தல் வார்த்தைகளையும் அடுத்த தடவை கவனித்துப் பாருங்கள். ‘நீ சொன்ன ஆறு பாவத்திலிருந்து’ என்று அவர் எண்ணிச் சொல்வதில்லை. உன் பாவங்களிலிருந்து உன்னை விடுவிக்கிறேன் என்றுதான் சொல்கிறார்.

மன்னித்தாகிவிட்டது என்றால் பிறகு ஏன் சொல்ல வேண்டும்

இதைக் கேட்காத பிள்ளை இல்லை. கேட்கவும் வேண்டும். மறந்துபோன கனமான பாவம் மன்னிக்கப்பட்டுவிட்டது. அதற்காகத் திரும்ப மன்னிப்பு வாங்கப் போவதில்லை. ஆனால் கனமான பாவம் ஒவ்வொன்றையும் தெரிந்த பிறகு திருச்சபையிடம் கொண்டுவந்து வைக்கும் கடமை அப்படியே இருக்கிறது. அண்ணாச்சி கடைக்கு அடுத்த முறை சீனி வாங்கப் போகும்போது, ‘அண்ணாச்சி, அன்னைக்கு ஒரு பக்கம் ஒட்டிக்கிட்டிருந்துச்சு, அதுலயும் இவ்வளவு இருந்துச்சு’ என்று சொல்வோம் இல்லையா, அது மாதிரி. பணம் கட்டுவதற்காகச் சொல்வதில்லை. அவரிடம் ஒளிவுமறைவு இல்லை என்பதற்காக.

இன்னொரு காரணமும் உண்டு. நோயாளி தன் புண்ணை வைத்தியரிடம் காட்ட வெட்கப்பட்டால், தெரியாததற்கு மருந்து எப்படிக் கொடுப்பார் என்று புனித எரோணிமுஸ் சொன்னதைத் திரெந்து சங்கமும் எடுத்துச் சொல்கிறது. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு வாங்கி, இருமலுக்கு மருந்து வாங்கிவிட்டு, வீட்டுக்கு வந்த பிறகுதான் காலில் இருக்கும் புண்ணைச் சொல்லவில்லை என்று ஞாபகம் வருவதுபோல. இந்த உவமை பாதியில் நொண்டும் என்பது எனக்கும் தெரியும். டாக்டர் பார்க்காத புண் தானாக ஆறிவிடாது, மறந்த பாவமோ மன்னிக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் அந்தப் புண் எதனால் வந்தது, திரும்ப வராமல் இருக்க என்ன செய்வது என்று கேட்க, அடுத்த முறை காட்டித்தானே ஆக வேண்டும்?

நடைமுறையில் எப்படிச் செய்வது? இன்னும் தொட்டியில் இருக்கும்போதே ஞாபகம் வந்தால் அங்கேயே சொல்லிவிடலாம். ‘சாமி, இன்னொண்ணு’ என்றால் கோபித்துக்கொள்ள மாட்டார். வெளியே வந்த பிறகு ஞாபகம் வந்தால் ஓடத் தேவையில்லை. நன்மை எடுக்கத் தடையில்லை. அடுத்து எப்போது வழக்கமாகப் போவீர்களோ அப்போது, ‘போன தடவை இதை மறந்துவிட்டேன்’ என்று ஒரு வரி சேர்த்துச் சொன்னால் போதும். அதே சாமியாராகவும் இருக்க வேண்டாம். ராயபுரத்தில் விட்டதைப் பெரம்பூர் லூர்து மாதா கோயிலில் சொல்லலாம். செவ்வாய்க்கிழமை பாரிமுனையில் ஆர்மேனியன் தெரு அந்தோணியார் கோயிலுக்குப் போகும்போது சொல்லலாம். வேளாங்கண்ணிக்குப் போய் வரும்போது சொல்லலாம்.

பூசை முடிந்து சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் சாமியாரை மடக்கி, ‘நேத்து சொன்னேனே, அதுல ஒண்ணு’ என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை அவர் வெளியே காட்டிக்கொள்ளவே கூடாது. 983-ஆம் சட்டத்தின்படி அந்த இரகசியம் உடைக்க முடியாதது. நீங்களாகவே தொடங்கினாலும் அவர் திருதிருவென்று விழிப்பார். பாவம், அவரை ஏன் அந்த இக்கட்டில் மாட்டிவிட வேண்டும்?

சொல்வதற்கு முன்பே இறந்துவிட்டால் என்ன ஆகும் என்று ஆயாக்கள் கேட்பார்கள். ஒன்றும் ஆகாது. மன்னிக்கப்பட்டதுதானே. வயதாகி நினைவே தப்பிப்போனவர்களும் உண்டு. என்ன செய்தோம் என்று ஒன்றும் சொல்லத் தெரியாமல், நெஞ்சில் கையை வைத்து அழ மட்டும் தெரிந்தவர்கள். அவர்களுக்கும் சாமியார் பாவப்பொறுத்தல் கொடுப்பார். முடிந்ததுக்கு மேல் யாரிடமும் கேட்பதில்லை.

திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தால்

என் பத்தொன்பதாவது வயதில் ஒரே வாரத்தில் நான்கு தடவை போனேன். வெளியே வந்ததும் இன்னொன்று ஞாபகம் வரும். அல்லது சொன்னதைச் சரியாகச் சொன்னேனா என்று சந்தேகம் வரும். நான்காவது தடவை, வயதான சாமியார் ஒருவர் நடுவில் நிறுத்தி, “இதைப் போன செவ்வாய்க்கிழமையே சொல்லிட்டியேம்மா. இனி பழசைக் கிளறக்கூடாது. இது என் கட்டளை” என்றார். எனக்கு அழுகையாக வந்தது. வீட்டுக்கு வந்து அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன்.

இயேசு சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியாருக்கே இது வந்தது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். 1522-இல் ஸ்பெயினில் மொன்செராத்தில் மூன்று நாள் எழுதி எழுதி மொத்த வாழ்க்கைக்கும் பாவசங்கீர்த்தனம் செய்தார். அப்படியும் மான்ரேசாவுக்குப் போன பிறகு, ஏதோ விட்டுப்போச்சு என்ற எண்ணம் விடவில்லை. திரும்பத் திரும்பச் சொன்னார். மிகத் தெளிவாகத் தெரிந்ததைத் தவிர பழையதைச் சொல்லாதே என்று சாமியார் சொன்னபோது, அவருக்கு எல்லாமே மிகத் தெளிவாகத் தெரிந்தது! உயிரை விட்டுவிடலாமா என்று தோன்றும் அளவுக்குப் போனது. கடைசியில் பழைய பாவங்களை இனிச் சொல்வதில்லை என்று முடிவெடுத்த பிறகுதான் விடுதலை கிடைத்தது.

இப்படிப்பட்டவர்கள் ஒரே சாமியாரிடம் போய், அவர் சொல்வதை அப்படியே கேட்பதுதான் நல்லது. கோயிலுக்குக் கோயில் மாறி மாறிப் போனால் சந்தேகம்தான் வளரும். பாவத்தோடு கூடவே கை கழுவினோமா, கதவு பூட்டினோமா என்றும் பத்துத் தடவை பார்க்கிறவராக இருந்தால் மனநல மருத்துவரையும் பார்க்க வேண்டும். அதில் விசுவாசக் குறைவு ஒன்றும் இல்லை.

கொடுத்த அபராதமே மறந்துபோனால்? இதுவும் அடிக்கடி நடக்கிறது. சாமியார் இன்னும் அங்கேயே இருந்தால் கேட்டுக்கொள்ளலாம். இல்லாவிட்டால் அடுத்த தடவை சொல்லுங்கள். மன்னிப்பு கிடைத்தது கிடைத்ததுதான்.

எழுதி வைத்துக்கொள்ளலாமா

எழுதலாம், தப்பில்லை. ஆனால் போன வருஷம் என் வகுப்பில் ஒரு பையன் செய்ததைச் சொல்ல வேண்டும். இ.பி. பில்லின் பின்பக்கம் பதினான்கு பாவத்தை நம்பர் போட்டு எழுதி வைத்திருந்தான். வரிசையில் நிற்கும்போதே பக்கத்துப் பையனிடம் காட்டி, அவனுடையதில் இரண்டைத் தனக்கும் சேர்த்துக்கொண்டான். உள்ளே போனவன் ஒரு நிமிஷத்தில் வெளியே வந்தான்.

“மிஸ், உள்ள இருட்டா இருந்துச்சு. பேப்பர் தெரியல. நாலுதான் சொன்னேன்.”

“மீதியை வேணும்னே விட்டியா?”

“இல்ல மிஸ். ஞாபகம் வரல.”

“கடைசியில என்ன சொன்ன?”

“நீங்க சொல்லிக் குடுத்ததுதான். ‘இவைகளுக்காகவும் மறந்துபோன எல்லாப் பாவங்களுக்காகவும் மனஸ்தாபப்படுகிறேன்’னு.”

அந்த வரியைச் சொன்னால்தான் மன்னிப்பு செல்லும் என்று இல்லை. ஆனாலும் எல்லாப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுக்கிறேன். ஒட்டிய பக்கத்தோடு நோட்டை நீட்டுவது அதுதான்.

போய் நன்மைக்குப் பாட்டு ஒத்திகை பார் என்று அனுப்பிவிட்டேன். பேப்பரைக் கிழித்துப் போடச் சொல்ல மறந்துபோனது. அடுத்த ஞாயிறு சாயங்காலம் மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனபோது, பக்கத்து மாடியிலிருந்து ஒரு சின்னக் காத்தாடி தள்ளாடிக்கொண்டு எங்கள் கொடியில் வந்து சிக்கியது. வால், நீளமாகக் கிழித்து ஒட்டிய இ.பி. பில். ஒரு துண்டில் ‘7. தங்கச்சியை அடிச்சேன்’ என்று இருந்தது. அடுத்த துண்டில் எட்டாம் நம்பரும் அதேதான்.